அலுமினியப் படகில் பெயின்ட் நிற்கவில்லையா? குறியைப் பார்த்துக் காரணம் அறியும் வழிமுறை

சிறிய அலுமினியப் படகுக்கு எந்தப் பெயின்ட் நல்லது என்று கேட்பவர்களில் பெரும்பாலோர், ஏற்கெனவே ஒருமுறை அடித்து அது நிற்காமல் போன பிறகுதான் கேட்கிறார்கள். அப்போது அவர்கள் கையிலேயே ஒரு நல்ல சான்று இருக்கிறது. உரிந்து வந்த அந்தப் பெயின்டைத்தான் சொல்கிறேன். அதைச் சுரண்டி எறிந்துவிட்டு முன்னதைவிட விலை கூடிய டப்பா ஒன்றை வாங்கிவருவதற்கு முன்னால், அது எந்த இடத்தில், எந்த அடுக்கிலிருந்து, எப்படி விட்டுப் போயிருக்கிறது என்று நிதானமாகப் பார்த்தால், அடுத்து வாங்க வேண்டியது என்ன என்பது பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். ஆகவே இங்கே டப்பாவின் பெயரிலிருந்து தொடங்காமல் கோளாற்றின் குறியிலிருந்து தொடங்குகிறேன்.

அதற்கு முன் படகைப் பற்றி இரண்டு விவரங்கள் உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். முதலாவது, படகு நாள் முழுக்க, வாரக்கணக்கில் தண்ணீரிலேயே கிடக்கிறதா, அல்லது ஒவ்வொரு முறையும் கரையேற்றி உலர வைக்கப்படுகிறதா என்பது. இரண்டாவது, அது ஓடுவது நன்னீரிலா உப்புநீரிலா என்பது. ஒரே பெயின்ட் ஒருவருக்குப் பத்து ஆண்டு உழைத்து, இன்னொருவருக்கு ஒரே பருவத்தில் கொப்பளித்துப் போவதற்கு இந்த இரண்டில் ஏதோ ஒன்றுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

குறி: பெயின்ட் தோலைப் போலத் தகடு தகடாக உரிகிறது

மிகப் பரவலான கோளாறு இது. உரிந்த துண்டு ஒன்றை எடுத்துப் புரட்டி, அதன் முதுகைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பிறகு அது விட்டுப்போன இடத்தையும் பாருங்கள். இந்த இரண்டு பரப்புகளும் சேர்ந்துதான் விடை சொல்லும்.

துண்டின் முதுகு வழவழப்பாக, மேற்பூச்சின் நிறத்திலேயே இருந்து, படகில் வெறும் உலோகம் தெரிந்தால், அடிப்பூச்சே (பிரைமர்) இல்லாமல் அடித்திருக்கிறார்கள் என்று பொருள். முதுகில் பிரைமரின் நிறம் முழுமையாக ஒட்டியிருந்து, படகில் பளபளப்பான உலோகம் தெரிந்தால், பிரைமர் இருந்தும் அது உலோகத்தைப் பிடிக்கவில்லை. குறை பரப்பைத் தயார் செய்ததில் இருக்கிறது. துண்டின் முதுகிலும் படகிலும், இரண்டு பக்கத்திலும் பிரைமர் மாவாக ஒட்டியிருந்தால், பிரைமரே நடுவில் பிளந்திருக்கிறது. தடிப்பாக அடித்த, அமிலம் கலந்த எட்ச் பிரைமரில் இதைத்தான் காண்கிறோம். படகில் பிரைமர் முழுதாக, உறுதியாக நின்று மேற்பூச்சு மட்டும் கழன்றிருந்தால், இரண்டு பூச்சுகளுக்கும் இடையே விட்ட கால அளவு தவறு, அல்லது இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதவை.

இவற்றில் இரண்டாவது வகைதான் பலரையும் மனம் சோர வைக்கிறது, ஏனென்றால் அவர்கள் எல்லாவற்றையும் சரியாகச் செய்ததாகவே நம்புகிறார்கள். அலுமினியத்தின் இயல்பைத் தெரிந்துகொண்டால் இது விளங்கும். தேய்த்துப் பளபளப்பாக்கிய அலுமினியத்தின் மேல், காற்று பட்ட கணத்திலிருந்தே ஆக்சைடு படலம் ஒன்று உருவாகத் தொடங்கிவிடுகிறது. சில நானோமீட்டர் தடிமன் மட்டுமே உள்ள இந்தப் படலம்தான் உலோகத்தை அரிப்பிலிருந்து காக்கிறது. ஆனால் நாள் ஆக ஆக, ஈரமும் அழுக்கும் சேரச் சேர, அது தளர்ந்து தடித்துவிடும். அப்படிப்பட்ட படலத்தின் மேல் அடித்த பெயின்ட் பிடித்துக்கொள்வது அந்தத் தளர்ந்த படலத்தைத்தான், அடியிலுள்ள உலோகத்தை அல்ல. காலையில் தேய்த்து வைத்துவிட்டு மறுநாள் பிரைமர் அடிப்பவர்களுக்கு இது நேர்கிறது.

சரிசெய்யும் முறையில் வரிசைதான் உயிர்நாடி. முதலில் எண்ணெய்ப் பசையை நீக்க வேண்டும், அதற்குப் பிறகே உப்புத்தாள் போட வேண்டும். இதை மாற்றிச் செய்தால், உப்புத்தாள் எண்ணெயையும் மெழுகையும் கீறல்களுக்குள் அழுத்தித் தேய்த்துவிடும், பிறகு எந்தத் துணியாலும் அதை வெளியே எடுக்க முடியாது. சோப்புநீரில் கழுவி, நல்ல நீரில் அலசி, சுத்தமான துணியில் பசைநீக்கி நனைத்துத் துடைத்து, ஈரம் காய்வதற்குள் இன்னொரு உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஒரே துணியால் திரும்பத் திரும்பத் துடைத்தால் எண்ணெய் இடம் மாறுமே ஒழிய நீங்காது. அடுத்து 80 முதல் 120 வரையிலான எண்ணில் அலுமினியம் ஆக்சைடு உப்புத்தாளால், மினுமினுப்பு முழுவதும் போய் ஒரே சீரான மங்கல் நிறம் வரும்வரை தேய்க்க வேண்டும். பிறகு அந்தப் பரப்பில் சுத்தமான நீரைத் தெளித்துப் பாருங்கள். நீர் ஒரே படலமாக விரிந்து நின்றால் பரப்பு சுத்தம். முத்து முத்தாகத் திரண்டாலோ, ஓரிடத்தில் மட்டும் விலகி நின்றாலோ அங்கே இன்னும் பசை இருக்கிறது. இந்தச் சோதனைக்குச் செலவு ஏதும் இல்லை, இரண்டு நிமிடம் போதும். இதை விட்டுவிட்டு வேலை செய்த ஒவ்வொரு முறையும் நான் வருந்தியிருக்கிறேன்.

தேய்த்து உலர்ந்த உடனே, கூடுமானவரை சில மணி நேரத்துக்குள், பிரைமர் ஏறிவிட வேண்டும். படகு முழுவதையும் ஒரே நாளில் முடிக்க முடியாதென்றால், ஒரு பக்கத்தை மட்டும் தேய்த்து, அன்றைக்கே அதற்குப் பிரைமர் போட்டுவிட்டு, மறுநாள் அடுத்த பக்கத்துக்குப் போவதுதான் நல்லது.

எந்தப் பிரைமர்? கரையேற்றி வைக்கும் படகில், நீர்மட்டத்துக்கு மேலுள்ள பகுதிக்கு, அமிலம் கலந்த எட்ச் பிரைமர் நன்றாகவே வேலை செய்யும். அது உலோகத்தை இலேசாக அரித்துப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் அதை மிக மெல்லியதாக, அடியிலுள்ள உலோகத்தின் சாயல் இன்னும் மங்கலாகத் தெரியும் அளவுக்கே அடிக்க வேண்டும். 10 மைக்ரான் அளவில் நிற்க வேண்டிய பூச்சு அது. சுவர் மூடுவதுபோல அதை மூடி அடித்தால் முன்னே சொன்னபடி நடுவில் பிளக்கும். நீரைத் தடுக்கும் ஆற்றலும் அதற்கு இல்லை, ஆகவே அதன் மேல் அடுத்த பூச்சு விரைவில் வந்தாக வேண்டும். நீருக்கு அடியிலேயே கிடக்கும் பகுதிக்கு, தேய்த்த உலோகத்தின் மேல் நேரடியாக இரண்டு பொருள் கலந்து அடிக்கும் எபாக்சி பிரைமரையே நான் தேர்ந்தெடுப்பேன். எட்ச் பிரைமர், எபாக்சி இரண்டும் இருந்தால் இரட்டைப் பாதுகாப்பு என்று எண்ணி ஒன்றின் மேல் ஒன்றாக அடிப்பவர்கள் உண்டு. எட்ச் பிரைமரில் மிஞ்சியிருக்கும் அமிலம் எபாக்சியின் கெட்டிப்படுத்தியைப் பாழ்படுத்தும் என்பதால், டப்பாவில் வெளிப்படையாக அனுமதி எழுதப்பட்டிருந்தால் ஒழிய அப்படிச் செய்யாதீர்கள்.

பழைய பெயின்டை நீக்கும்போது ஒரு கவனம் தேவை. காரச்சோடா கலந்த பெயின்ட் நீக்கியை அலுமினியத்தின் மேல் ஊற்றவே கூடாது. ஊற்றினால் சற்று நேரத்தில் சன்னமான இரைச்சலோடு நுரை எழும்; உலோகம் கரைந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறும் ஓசை அது. பழைய படகில் மஞ்சளும் பச்சையும் கலந்த பிரைமர் தெரிந்தால் அது துத்தநாகக் குரோமேட்டாக இருக்கலாம். அதன் தூசு புற்றுநோயை உண்டாக்கக்கூடியது, எனவே உலர்ந்த நிலையில் தேய்க்காமல், நீர் விட்டு, தகுந்த முகமூடி அணிந்தே தேய்க்க வேண்டும்.

குறி: கொப்புளங்கள்

ஒரு கொப்புளத்தைக் கத்தி முனையால் திறந்து பாருங்கள். உள்ளே தெளிந்த நீர் இருந்தால், பெயின்டுக்கு அடியில் உப்போ, வியர்வைக் கைரேகையோ, சரியாக அலசப்படாத சோப்போ தங்கியிருக்கிறது. பெயின்ட் படலம் நீராவியைச் சிறிதளவு உள்ளே விடும். அடியிலிருக்கும் உப்பு அந்த ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு வீங்குகிறது. உப்புநீரில் ஓடிய படகைத் தேய்ப்பதற்கு முன்னும் தேய்த்த பின்னும் நன்னீரில் கழுவ வேண்டும் என்பது இதனால்தான்.

கொப்புளத்துக்குள் வெண்ணிறப் பசையோ மாவோ இருந்தால் நிலைமை வேறு. உலோகமே அரிக்கத் தொடங்கிவிட்டது. அது அலுமினிய ஹைட்ராக்சைடு. அந்த இடத்தை உலோகம் வரை திறந்து, குழியின் அடி வரை சுத்தம் செய்யாமல் மேலே எதை அடித்தாலும் பயனில்லை.

கொப்புளம் உலர்ந்து, உள்ளே ஒன்றுமில்லாமல், இரண்டு பூச்சுகளுக்கு நடுவில் இருந்தால், தின்னர் ஆவியாகி முடிவதற்குள் அடுத்த கோட் ஏறிவிட்டது, அல்லது வெயிலில் சுட்டுக் கிடந்த உலோகத்தின் மேல் அடித்திருக்கிறீர்கள். உள்ளங்கையை வைத்து வசதியாக வைத்திருக்க முடியாத சூட்டில் உள்ள தகட்டில் பெயின்ட் அடிக்க வேண்டாம்.

இன்னொரு வகை, நீர்மட்டக் கோட்டுக்குக் கீழே மட்டும் வரிசையாக எழும் கொப்புளம். மேலே பளபளப்புக்குப் பேர்போன இரண்டு பொருள் பாலியூரிதேன் மேற்பூச்சுகள் பல, தொடர்ந்து நீரில் மூழ்கிக் கிடப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. வாரக்கணக்கில் நீரில் கிடக்கும் படகின் அடியில் அவற்றை அடித்தால் இப்படித்தான் ஆகும். கரையேற்றி வைக்கும் படகுக்கு இதே பெயின்ட் அடிப்பகுதியிலும் குறையில்லாமல் நிற்கும். பெயின்ட் மாறவில்லை, படகின் வாழ்க்கை மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

குறி: பெயின்டுக்கு அடியில் புழு ஊர்ந்ததுபோல் மெல்லிய கோடுகள்

ஒரு கீறலிலோ, ரிவெட்டின் விளிம்பிலோ தொடங்கி, நூல்போல வளைந்து வளைந்து போகும் மேடுகள் இவை. இழை அரிப்பு என்று சொல்லலாம். காற்றில் ஈரப்பதம் அதிகமாகவும், விளிம்பில் உப்பும் இருக்கும்போது இது வளரும். மேலே டச்-அப் செய்வதால் நிற்காது. கோடு முடியும் இடத்திலிருந்து இரண்டு விரல் அகலம் தாண்டித் திறந்து, தேய்த்து, கழுவி, எபாக்சியிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். கூர்மையான விளிம்புகளை இலேசாக உருட்டிவிடுவதும் உதவும், ஏனென்றால் கூரிய விளிம்பில் பெயின்ட் எப்போதும் மெலிந்தே நிற்கும்.

குறி: அடியில் பாசி ஒட்டாமல் தடுக்கும் பெயின்ட் அடித்த பிறகு குழிகள்

எல்லாக் கோளாறுகளிலும் நான் மிகவும் அஞ்சுவது இதைத்தான். மற்றவற்றில் பெயின்ட் போகும். இதில் படகே போகும்.

பாசியும் கொட்டலசும் (ஒட்டி வளரும் ஓடுள்ள சிறு கடலுயிர்) ஒட்டாமல் இருக்க அடிக்கும் பெயின்டுகளில் பெரும்பாலானவை தாமிர ஆக்சைடை நம்பியே இருக்கின்றன. கண்ணாடியிழைப் படகுக்கு அவை பொருத்தமானவை. அலுமினியத்தின் மேல் அதே பெயின்ட் நீரில் இறங்கினால், தாமிரமும் அலுமினியமும் நீரில் நனைந்த மின்கலமாக மாறிவிடுகின்றன. இந்த இணையில் கரைந்து போவது எப்போதும் அலுமினியம்தான். உப்புநீரில் இது விரைவாக நடக்கும். பெயின்டுக்கும் உலோகத்துக்கும் நடுவே எபாக்சி இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். மணலில் உரசிய ஒரே ஒரு கீறல் போதும், அரிப்பு முழுவதும் அந்தச் சிறு இடத்திலேயே குவிந்து, தகட்டைத் துளைத்துவிடும்.

நண்பர் ஒருவரின் நான்கு மீட்டர்ப் படகைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பகுதியைச் சுரண்டியபோது, செந்நிறப் பெயின்டில் குண்டூசித் தலையளவு வெண்புள்ளி ஒன்று தெரிந்தது. விரல் நகத்தால் கிள்ளியதும் வெண்பொடி உதிர்ந்தது. ஆணி முனையை வைத்து இலேசாக அழுத்தினேன். ஆணி நிற்காமல் உள்ளே இறங்கியது. மறுபக்கம் படகின் தரையில் ஆணியின் முனை தெரிந்தது. முந்தைய பருவத்தில்தான் வேறு படகுக்கு வாங்கி மிச்சமிருந்த தாமிரப் பெயின்டை அவர் இதற்கு அடித்திருந்தார்.

இந்தக் குறி தெரிந்தால் படகை உடனே கரையேற்றி, தாமிரப் பெயின்ட் முழுவதையும் நீக்க வேண்டும். குழிகளின் ஆழத்தை அளந்து, தகட்டின் பாதித் தடிமனுக்கு மேல் போயிருந்தால் பற்றவைப்பவரிடம் காட்டுவதே நல்லது. மீண்டும் அடிப்பதானால், வெறும் உலோகத்திலிருந்து தொடங்கி நான்கைந்து கோட் எபாக்சியை ஏற்றி, ஏறத்தாழ 250 மைக்ரான் தடுப்பை உருவாக்கி, அதன் மேல் அலுமினியத்துக்கு உகந்தது என்று டப்பாவில் தெளிவாக எழுதப்பட்ட பெயின்டை அடிக்க வேண்டும். துத்தநாகப் பைரித்தியோன், டிராலோபைரில் ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்டவை உள்ளன. குப்ரஸ் தையோசயனேட் என்ற தாமிரச் சேர்மம் கலந்தவையும் தடுப்புப் பூச்சின் மேல் அலுமினியத்துக்கு அனுமதிக்கப்படுகின்றன. ஆயினும் சிறு படகுக்குத் தாமிரமே இல்லாத வகைதான் என் தேர்வு. மிகப் பழைய டப்பாக்களில் டிரைபியூட்டைல்டின் என்ற வெள்ளீயச் சேர்மம் இருக்கலாம். அது அலுமினியத்தை அரிக்காது என்பதால் ஒரு காலத்தில் விரும்பப்பட்டது. ஆனால் சிப்பி, நத்தை முதலிய உயிர்களுக்குப் பெருங்கேடு விளைவித்ததால், 2001-இல் ஏற்கப்பட்டு 2008 செப்டம்பர் 17 அன்று நடைமுறைக்கு வந்த பன்னாட்டு உடன்படிக்கை அதைத் தடைசெய்துவிட்டது. அப்படி ஒரு டப்பா கையில் இருந்தால் திறக்காமல் அபாயக் கழிவாக ஒப்படைத்துவிடுங்கள்.

ஒவ்வொரு முறையும் கரையேற்றி உலர்த்தும் படகுக்குப் பாசி ஒட்டாமல் தடுக்கும் பெயின்டே தேவையில்லை. உலர்ந்த அடியில் கொட்டலசு வளராது.

தாமிரம் பெயின்டில் மட்டுமே இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. பூச்சி அரிக்காமல் இருக்கத் தாமிரக் கரைசல் ஏற்றிய மரப்பலகையைப் பின்தகட்டோடு சேர்த்தோ, டிரெய்லரின் தாங்குகட்டையாகவோ வைத்தால், மழைநீரில் கசியும் தாமிரம் இதே வேலையைச் செய்யும். கோடு போடப் பயன்படுத்தும் பென்சிலின் கிராஃபைட்டும் அலுமினியத்துக்குப் பகைதான்; நீர்மட்டக் கோட்டை ஒட்டுநாடாவால் குறிப்பது நல்லது. படகுக்குப் பதிலாகத் தான் அரிந்துபோய் அதைக் காக்கும் துத்தநாகக் கட்டி (அனோடு) படகில் பொருத்தப்பட்டிருந்தால் அதன் மேல் பெயின்ட் படக் கூடாது. மூடிய அனோடு எதையும் காப்பாற்றாது.

குறி: புதிய பெயின்டின் ஊடே துருநிறப் புள்ளிகள்

அலுமினியம் செந்நிறமாகத் துருப்பிடிக்காது. ஆகவே அந்தப் புள்ளிகள் வெளியிலிருந்து வந்த இரும்பு. சாதாரண எஃகுக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால், அல்லது முன்பு இரும்பைத் தேய்த்த சக்கரத்தையே இங்கும் பயன்படுத்தினால், மென்மையான அலுமினியத்துக்குள் இரும்புத் துகள்கள் பதிந்துவிடும். அவை துருப்பிடித்துப் பெயின்டைத் தள்ளுவதோடு, சுற்றியுள்ள அலுமினியத்தையும் அரிக்கும். நானே தொடக்கத்தில் இந்தத் தவறைச் செய்து, முழுப் பக்கத்தையும் மீண்டும் உலோகம் வரை தேய்த்தேன். அலுமினியத்துக்கென்றே தனியாக வைத்த துருப்பிடிக்காத எஃகு பிரஷ், புதிய உப்புத்தாள் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

குறி: ரிவெட் வரிசையிலும் மடிப்புகளிலும் மட்டும் வெடிப்பு

சிறு படகின் தகடு மெல்லியது. அலை மோதும்போது வளையும், வெயிலில் நீளும். அலுமினியம் ஒரு பாகை வெப்பத்துக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 0.023 மில்லிமீட்டர் விரியும். இது எஃகைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கு. நான்கு மீட்டர்ப் படகு, குளிர்ந்த அதிகாலைக்கும் சுட்டெரிக்கும் நண்பகலுக்கும் இடையே 40 பாகை மாறினால், மூன்றரை மில்லிமீட்டருக்கும் சற்று மேலாக நீள்கிறது. கண்ணாடிபோல் கடினமான பூச்சு இந்த அசைவைத் தாங்காமல் ரிவெட் தலைகளைச் சுற்றி வளையமாக வெடிக்கும். கருநிறம் அடித்தால் சூடு இன்னும் கூடும்.

வெடிப்பிலிருந்து ஈரமும் கசிந்தால், முதலில் ரிவெட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தளர்ந்த ரிவெட்டைப் பெயின்டால் அடைக்க முடியாது. இறுக்கியோ மாற்றியோ, நெகிழும் பாலியூரிதேன் சீலன்ட் கொண்டு அடைத்தோ முடித்த பிறகே பெயின்டுக்கு வர வேண்டும். இப்படி அசையும் படகுக்கு, ஒரே டப்பாவில் வரும் மரைன் எனாமலோ ஒற்றைப்பொருள் பாலியூரிதேனோ பொருத்தமாக இருக்கும். இரண்டு பொருள் வகை அளவுக்கு அது உழைக்காது என்பது உண்மைதான். ஆனால் மணலில் இழுத்தேற்றும் படகில் கீறல் விழுவது நிச்சயம், அப்போது அரை மணி நேரத்தில் அந்த இடத்தை மட்டும் தொட்டுச் சரிசெய்ய முடிவது பெரிய வசதி. இரண்டு பொருள் பாலியூரிதேனில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சுப் பாதையை நிரந்தரமாகப் பாதிக்கக்கூடியது. வெளியிலிருந்து காற்று தரும் முகக்கவசம் இல்லாமல் அதை வீட்டில் ஸ்ப்ரே செய்யக் கூடாது.

குறி: மீன்கண் போன்ற குழிகள், காயாத பிசுபிசுப்பு, சுண்ணம்போல் கையில் ஒட்டும் பொடி

அடித்த உடனே வட்ட வட்டமாகப் பெயின்ட் விலகினால் அது சிலிக்கோன் அல்லது மெழுகு; நிறுத்தி, துடைத்து, பசைநீக்குவதிலிருந்து மீண்டும் தொடங்குங்கள். இரண்டு பொருள் பெயின்ட் நாட்கணக்கில் காயாவிட்டால் கலவை விகிதம் தவறியிருக்கிறது, அல்லது 10 பாகைக்குக் கீழான குளிரில் அடித்திருக்கிறீர்கள். காயாததைச் சுரண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. கெட்டியான எபாக்சியின் மேல் மெழுகுபோன்ற வழுக்கல் தென்பட்டால், தின்னரால் துடைக்காமல் நீர் விட்டுக் கழுவுங்கள். அது நீரில் கரைவது. எபாக்சியையே வெயிலில் மேற்பூச்சாக விட்டுவிட்டால் சில மாதங்களில் சுண்ணம்போல் பொடியும், ஆகவே அதன் மேல் வெயில் தாங்கும் பூச்சு கட்டாயம் வேண்டும்.

ஈரம் சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஓர் எளிய முறை: ஈரத்துணியால் தகட்டின் ஒரு பகுதியைத் துடையுங்கள். கால் மணி நேரத்துக்குள் அது தானாக உலரவில்லை என்றால் அன்றைக்குப் பெயின்ட் அடிக்கும் நாள் அல்ல.

அடித்து முடித்த பின் சோதனை

பூச்சு முழுவதும் கெட்டிப்பட ஒரு வாரம் விட்டு, மறைவான ஓர் இடத்தில் கூர்மையான கத்தியால் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் ஆறு கோடுகள், அவற்றைக் குறுக்கே வெட்டி ஆறு கோடுகள், உலோகம் வரை இறங்குமாறு போடுங்கள். அதன் மேல் பசை மிகுந்த ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். சதுரங்கள் எல்லாம் இடத்திலேயே நின்றால் படகை நீரில் இறக்கலாம். சதுரங்கள் நாடாவோடு வந்துவிட்டால், நாடாவைப் புரட்டி அவற்றின் முதுகைப் பார்த்து, மேலே முதல் குறியில் சொன்னபடி எந்த அடுக்கு என்று கண்டுகொள்ளுங்கள்.

நன்னீரில் மட்டும் ஓடி, ஒவ்வொரு முறையும் கரையேற்றப்படும் படகுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. 5052, 5083 போன்ற எண்கள் கொண்ட கடல்சார் அலுமினியக் கலவைகளில் செய்த படகு, அடியில் பெயின்டே இல்லாமல் பல்லாண்டு நிற்கும். அத்தகைய படகில் வெளிப்பக்கங்களுக்கு மட்டும் எட்ச் பிரைமரும் வெளிர்நிற எனாமலும் அடித்து, அடியை வெறும் உலோகமாகவே விட்டுவிட்டு, உட்தரையில் ஈரத்தைத் தேக்கி அடியில் அரிப்பை வளர்க்கும் கம்பளத்தை எடுத்துவிடுவதையே நான் பரிந்துரைப்பேன்.